சின்னதுதான் நல்ல வண்டி

நான் இதுவரை எழுதியவற்றில் அதிகம் பேர் படித்தது ஒரு பொய்யை. அது இன்றும் இணையத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நான் மட்டும் அந்தப் பக்கத்தைத் திறப்பதில்லை.

ஒரே கம்பெனி செய்யும் இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்களை ஒப்பிட்டு ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை அது. ஒன்று, அந்தக் கம்பெனியின் பெயரைச் சொன்னதும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும் கார். பல தலைமுறையாக உருவம் அதிகம் மாறாதது. எஞ்சின் பின் சக்கரங்களுக்கும் பின்னால் இருக்கும். இன்னொன்று அதே வீட்டில் பிறந்த இளையது. எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால், வண்டியின் நடுவில். இருவர் மட்டும்தான் உட்காரலாம். விலை குறைவு. குறைவு என்பது நம் கணக்கில் அல்ல, அவர்கள் கணக்கில். பெரியதை வாங்க முடியாதவர்கள் வாங்குவது என்று கார்ப் பைத்தியங்கள் அதைச் சொல்வார்கள். நானும் இங்கே ஒன்றைப் பெரியது என்றும் மற்றதைச் சின்னது என்றும் சொல்லப்போகிறேன். செய்த கம்பெனிக்கு இதில் பங்கு இல்லை. தப்பு முழுக்க என்னுடையது.

கார்களைப் பற்றி எழுதுவது என் வேலை. கொச்சியில் அலுவலகம் உள்ள ஓர் இணையதளத்துக்குத் திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு எழுதுகிறேன். முதல் மூன்று வருடம் எனக்குக் கிடைத்ததெல்லாம் குடும்பக் கார்கள். மைலேஜ், பின் சீட்டில் கால் நீட்ட இடம், ஏசி எவ்வளவு நேரத்தில் குளிர்கிறது. டிக்கியின் அளவை லிட்டரில் சொல்லாமல் அரிசிச் சாக்கில் சொன்னது நான்தான். வாசகர்களுக்கு அது பிடித்துப்போனது. அந்தக் கணக்கு என் அப்பாவுடையது. டிக்கியின் படத்தை மொபைலில் காட்டினால் போதும், கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டு நேரா, ஒண்ணு குறுக்கால" என்பார். ஒருமுறைகூடத் தவறியதில்லை. அப்பா சாலை என்று பெயருள்ள பெரிய கடைத்தெருவில் லாரிகளில் வரும் மூட்டைகளை இறக்கும் தொழிலாளி. தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணத்துக்கு முன்பே இங்கே வந்துவிட்டவர். கையெழுத்து மட்டும் போடுவார். அம்மாவுக்கு அதுவும் வராது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மலையாளத்தில் படித்தேன், ஆங்கிலத்தில் எழுதுகிறேன், வீட்டில் தமிழ் பேசுகிறேன். சாக்குக் கணக்கு யாருடையது என்று ஒரு கட்டுரையிலும் நான் எழுதியதில்லை.

எனக்குத் திமிர் உண்டு. அதை மறைக்கப்போவதில்லை. அந்தத் திமிர் இல்லையென்றால் எங்கள் வீட்டிலிருந்து காலேஜ் வரைக்கும் போயிருக்க முடியாது. ஆனால் திமிர் உள்ளவர்களிடம் ஒரு சின்ன பயமும் இருக்கும். என்னிடம் இருந்தது என்ன பயம் என்று சொன்னால்தான் பின்னால் நடந்தது புரியும்.

காலேஜ் முதல் வருடத்தில், ஹாஸ்டலில் ஒருத்தியின் அண்ணன் வெளிநாட்டிலிருந்து கறுப்புச் சாக்லேட் கொண்டுவந்தான். வெள்ளிக் காகிதத்தில் சுற்றியது. எல்லோரும் ஒரு துண்டு வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்கள். எனக்குக் கசந்தது. கடையில் விற்கும் கடலை மிட்டாயே இதைவிட நன்றாக இருக்கும் என்று சொல்லிவிட்டேன். நான் கேலிக்காகச் சொல்லவில்லை, உண்மையில் அப்படித்தான் தோன்றியது. யாரும் சிரிக்கவில்லை. சாக்லேட் கொண்டுவந்தவனின் தங்கை என் தோளில் கை வைத்து, "பரவால்லடீ, பழக்கம் இல்லாததனால அப்படித் தோணும்" என்று மலையாளத்தில் சொன்னாள். அன்பாகத்தான் சொன்னாள். அன்றிலிருந்து நான் ஒரு விதி வைத்துக்கொண்டேன். இரண்டு பொருள் முன்னால் இருந்தால், விலை குறைந்ததை நன்றாக இருக்கிறது என்று என் வாயால் சொல்லக்கூடாது. வசதியான வீட்டுப் பிள்ளை சொன்னால் அது ரசனை. நான் சொன்னால் பழக்கம் இல்லாமை.

மூன்றாவது வருடம் முடியும்போது ஒரு டாக்டர் எனக்கு எழுதினார். பல் டாக்டர், நாற்பது வயதுப் பெண், கிழக்கேகோட்டையில் மாடியில் கிளினிக். சாக்குக் கணக்கை விடாமல் படிப்பவராம். தன்னிடம் சின்னது இருக்கிறது, தன் அண்ணனிடம் பெரியது இருக்கிறது, இரண்டையும் ஒரே நாளில் பொன்முடிக்கு ஓட்டிப் பார்த்து எழுத முடியுமா என்று கேட்டிருந்தார். கொச்சியில் இருக்கும் எங்கள் இணையதள ஆசிரியர் இதைக் கேட்டதும் இரண்டு முறை நிஜமா என்று கேட்டார். இந்த மாதிரி விலை உயர்ந்த வண்டிகள் எங்கள் இணையதளத்துக்கு வந்ததே இல்லை. நன்றாக எழுதினால் இனி மைலேஜ் கட்டுரைகளிலிருந்து எனக்கு விடுதலை என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிழக்கேகோட்டையில் பிள்ளையார் கோவில் முன்னால் சந்தித்தோம். டாக்டரின் அண்ணன் அங்கே தேங்காய் உடைக்காமல் மலை ஏற மாட்டாராம். சாலைக் கடைத்தெருவில் பாத்திர மொத்தக் கடை வைத்திருப்பவர், மூன்று தலைமுறைக்கு முன் திருநெல்வேலியிலிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பம். பெரியதுக்கு ஒரு தேங்காய், சின்னதுக்கு ஒரு தேங்காய் உடைத்தார். சின்னதுக்கு உடைத்தது சரியாக இரண்டாகப் பிளக்காமல் சிதறியது. "பார்த்தியா, தேங்காய்க்கே இஷ்டமில்ல" என்றார் தங்கையிடம். தங்கை, "நீ உடைச்சா அப்படித்தான்" என்றார். இருவருக்கும் இது பழக்கமான விளையாட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

கல்லாறு வரைக்கும் சின்னதை டாக்டரே ஓட்டினார். நான் பக்கத்தில். வழியெல்லாம் வேகத்தடைகள். வண்டியின் வயிறு தரையோடு தரையாக இருப்பதால் ஒவ்வொரு தடையிலும் வண்டியைச் சாய்த்து, ஒரு சக்கரமாக ஏற்றி இறக்குவார். நெடுமங்காடு தாண்டியதும் விஷயத்துக்கு வந்தார். இந்தக் காரை அவர் தன் கிளினிக் சம்பாத்தியத்தில் வாங்கியிருந்தார். வாங்கிய நாளிலிருந்து வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. அண்ணனுடைய ஞாயிற்றுக்கிழமைக் கார்க் கூட்டத்தில் இது கடைசியில் நிற்பது அண்ணனுக்குக் குறைவாக இருக்கிறதாம். கணவருக்கும் அதே எண்ணம். வாங்கினால் பெரியதை வாங்க வேண்டும், இல்லையென்றால் சாதாரண காரில் போக வேண்டும், நடுவில் எதற்கு இது என்று கேட்கிறார்கள். கொச்சியில் ஒருவர் வாங்கத் தயாராக இருக்கிறார். அண்ணன் பேசி முடித்துவைத்திருக்கிறார், இவர் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி.

"நான் சொன்னா, என் வண்டின்னு சொல்லுதேன்னு சொல்லுவாங்க" என்றார் டாக்டர். "கார் தெரிஞ்ச ஒரு வெளி ஆள் ரெண்டையும் ஓட்டி எழுதினா வாய் அடைஞ்சிரும். அண்ணனும் ஒத்துக்கிட்டாரு. உன் கட்டுரையில பெரிசுதான் நல்லதுன்னு வந்தா நான் கொடுத்திருதேன். இல்லன்னா இனி அந்தப் பேச்சு வீட்டுல வரக்கூடாது."

ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே என்னால் எதையும் சொல்ல முடியாது என்றேன். "வேண்டாம். உள்ளதை எழுது, போதும்" என்றார்.

கல்லாற்றில் மலை ஏற்றம் தொடங்கும் இடத்தில் சாவியை என்னிடம் கொடுத்தார்.

மேலே போகிற பாதையில் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை இருக்கும். முதல் மூன்று வளைவுகளில் தேவையில்லாமல் பிரேக்கை மிதித்தேன். நான்காவதில் வண்டி என்னிடம் பேசத் தொடங்கியது என்று எழுதினால் பொய்யாகத் தோன்றும். நடந்தது இதுதான்: சக்கரத்துக்கு அடியில் தார் முடிந்து சரளை தொடங்குவது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. டாக்டர் சொன்னார், பல்லைக் குடையும்போது கெட்ட இடம் முடிந்து நல்ல இடம் தொடங்குவது கண்ணுக்குத் தெரியாதாம், விரலுக்குத்தான் தெரியுமாம். அந்த விரல்தான் இந்தக் காரை வாங்கச் சொன்னதாம். ஆறாவது, ஏழாவது வளைவில் இன்னொன்று புரிந்தது. மற்ற கார்களில் முன்பக்கம் திரும்பும், பின்பக்கம் இழுபட்டு வரும். இது அப்படி இல்லை. என் இடுப்பில் ஓர் ஆணி அடித்து, அதைச் சுற்றி முழு வண்டியும் ஒன்றாகத் திரும்புவதுபோல் இருந்தது. எஞ்சின் சத்தம் கொஞ்சம் கரகரப்புதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஒன்பதாவது வளைவில், முந்தின இரவின் மழையில் ஈரமாக இருந்த இடத்தில், பின்சக்கரம் ஒரு சாண் நழுவி, நான் பயப்படுவதற்குள் தானே சரியாகி வெளியே வந்தது. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எனக்கே தெரியாமல் வந்த சிரிப்பு. டாக்டரும் சிரித்தார்.

உச்சியில் மூடுபனி. அங்கே வண்டி மாறினேன். பெரியதில் அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்தார், டாக்டர் எங்களுக்குப் பின்னால் சின்னதில் இறங்கினார்.

பெரியது மோசமான கார் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கார் தெரியாது. ஆறு சிலிண்டர் எஞ்சினின் சத்தம் முதுகுத்தண்டில் ஏறும். கதவு மூடும் ஓசையிலேயே பணம் தெரியும். நேர்ச் சாலை கிடைத்தால் வயிற்றைப் பின்னால் விட்டுவிட்டுப் போகும். ஆனால் பொன்முடி இறக்கத்தில் நேர்ச் சாலை எங்கே இருக்கிறது? வளைவுக்கு முன் பிரேக்கை அழுத்தி முன்பக்கத்துக்குக் கனத்தைக் கொண்டுவராவிட்டால் மூக்கு திரும்ப யோசிக்கும். எதிரே ஜீப் வந்தால் அகலம் பயமுறுத்தும். அதைப் பழக்கிக்கொள்ள வருடங்கள் வேண்டும், பழகியவர்களுக்கு அதில்தான் ருசி. எனக்கு அன்று காலை முழுக்க ஒரு விலை உயர்ந்த பொருளை உடைக்காமல் கீழே கொண்டுவரும் கவலை மட்டும்தான் இருந்தது. அண்ணன் ஒவ்வொரு வளைவிலும் பெருமையாக என் முகத்தைப் பார்த்தார். நான் நன்றாக இருக்கிறது என்று தலையாட்டிக்கொண்டே வந்தேன்.

கல்லாற்றில் ஆற்றோரம் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். மூவருக்கும் டீயும், நேந்திரம்பழத்தை மாவில் முக்கிப் பொரித்த பழம்பொரியும் வந்தது. எது பிடித்தது என்று டாக்டர் கேட்டார். நான் பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சின்னது வளைவுல..." என்று தொடங்கியும் விட்டேன். அப்போது அண்ணன், வேறு ஏதோ நினைவு வந்தவராக, என் வீடு எங்கே என்று கேட்டார். சாலைக் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் என்றேன். அப்பா என்ன செய்கிறார் என்றார். இந்தக் கேள்விக்கு நான் ஒருபோதும் பொய் சொன்னதில்லை, அதுவும் என் திமிர்தான். லோடு இறக்குகிறார் என்று சொல்லிவிட்டு, அப்பாவின் பெயரையும் சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்தது. உண்மையான சந்தோஷம். அப்பா இருபது வருடமாக அவர் கடைக்குப் பாத்திரக் கட்டு இறக்குகிறவராம். ஒரு பாத்திரம் நசுங்கியதில்லையாம். "அவரு மகளா நீ? கொள்ளாமே, மோளே" என்று மலையாளத்தில் பாராட்டி எனக்கு இன்னொரு பழம்பொரி சொன்னார். பிறகு தங்கையின் பக்கம் திரும்பி, சிரித்துக்கொண்டே சொன்னார்:

"நல்ல ஆளைத்தான் ஜட்ஜாக்கி இருக்கே. லோடுகாரர் மகளுக்குச் சின்னதே பெரிசாத்தானே தெரியும், அல்லே?"

டாக்டர், "அண்ணா, சும்மா இரு" என்றார். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் மனதில் கெட்டது எதுவும் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். அதனால்தான் அது அவ்வளவு ஆழமாக இறங்கியது. வெள்ளிக் காகிதம், தோளில் கை, பழக்கம் இல்லாததனால, எல்லாம் அந்த டீக்கடைக்கு வந்துவிட்டன. டாக்டர் மறுபடியும், வளைவுல என்ன என்று கேட்டார். எழுதும்போது சொல்கிறேன் என்றேன். பழம்பொரியைத் தின்று முடிக்கவில்லை.

மறுநாள் காலை கட்டுரை எழுத உட்கார்ந்தேன். முதல் வரியில் ஒன்பதாவது வளைவை எழுதினேன். எழுதியதைப் படித்தபோது அந்த வரி எனக்குக் கேட்டது வேறு குரலில். பாத்திரக் கடையில் எல்லோருக்கும் நடுவில் அண்ணன் அதைப் படித்துவிட்டு, நான் சொன்னேனே என்று சிரிப்பதுபோல் கேட்டது. அழித்தேன். பிறகு எழுதியது எல்லாம் சுலபமாக வந்தது. பெரிய பத்திரிகைகள் பெரிய காரைப் பற்றி எழுதுவதை நான் எவ்வளவு படித்திருக்கிறேன். அந்தச் சொற்கள் எனக்கு மனப்பாடம். பாரம்பரியம், முதிர்ச்சி, பொறுமையாகக் கற்றுக்கொள்கிறவருக்கு மட்டும் திறக்கும் கதவு. சின்னது முயற்சி செய்கிறது, பெரியது முயற்சி செய்யத் தேவையில்லை என்று ஒரு வரி. அந்த வரியை எழுதிவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தது நினைவிருக்கிறது. என் மேல் எனக்கு அவ்வளவு மதிப்பு. டாக்டரின் பந்தயம் எனக்கு மறந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். மறக்கவில்லை. ஒரு காரில் என்ன இருக்கிறது, அவருக்கு வசதி இருக்கிறது, வேண்டுமென்றால் பெரியதையே வாங்கிக்கொள்வார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்கள் தெருவில் யாராவது வசதியானவர்களைப் பற்றி இப்படிப் பேசினால் எனக்குக் கோபம் வரும்.

கட்டுரை ஓடியது. அதுவரை நான் எழுதிய எதற்கும் வராத அளவு வாசகர்கள். ஆங்கிலத்தைப் பாராட்டினார்கள். முதிர்ந்த ரசனை என்று ஒருவர் எழுதியிருந்ததைப் படம் பிடித்து வைத்துக்கொண்டேன். ஆசிரியர் அடுத்த மாதம் எனக்கு ஒரு மின்சார ஸ்போர்ட்ஸ் கார் தருவதாகச் சொன்னார்.

அந்த வாரக் கடைசியில் அப்பா வேலையிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னார்:

"பாத்திரக்கட மொதலாளி கடையில எல்லாரையும் நிக்க வச்சு உன் எழுத்தை வாசிச்சாருளா. இங்கிலீஷ்ல வாசிச்சு, மலையாளத்துல சொல்லிக் குடுத்தாரு. நம்ம ஆளுங்க அத்தன பேரும் கேட்டோம். இவரு பிள்ளைக்குத் தரம் தெரியும்டேன்னு சொன்னாரு."

நான் நினைத்தது அப்படியே நடந்திருந்தது. அந்த மனிதரின் வாயிலிருந்து, அப்பாவின் கூட்டாளிகளின் முன்னால், அந்தச் சொல் வந்துவிட்டது. இதற்காகத்தானே எழுதினேன். அப்பாவின் தோளில் சணல் நார் ஒட்டியிருந்தது. அதை எடுத்துப்போடுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

டாக்டரிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்திருந்தது. "படிச்சேன். இங்கிலீஷ் நல்லா இருக்கு."

அதற்கு நான் நன்றி என்று பதில் போட்டேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. நன்றி, ஒரு கைகூப்பும் படத்தோடு.

அதன் பிறகு இரண்டு வாரம் கிழக்கேகோட்டையில் பஸ் ஏற வேண்டியிருந்தால் ஒரு நிறுத்தம் முன்னாலேயே நடந்துபோய் ஏறினேன். கிளினிக்கின் ஜன்னல் பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து இருக்கிறது. ஆசிரியருக்குத் தொலைபேசியில் சொன்னேன்: கட்டுரையில் ஒரு தப்பு இருக்கிறது, மாற்ற வேண்டும். குதிரைத்திறனா, விலையா என்று கேட்டார். முடிவு என்றேன். அவர் சிரித்தார். எண் தப்பானால் திருத்தலாம், அபிப்பிராயத்தைத் திருத்தினால் இனி நாம் சொல்வதை யார் நம்புவார்கள் என்றார். அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தாமல் இருக்க ஒரு நியாயம் கிடைத்ததில் எனக்கு நிம்மதி.

மூன்றாவது வாரம் கிளினிக்குக்குப் போனேன். நோயாளிகள் நான்கு பேர் இருந்தார்கள். பெயர் கேட்ட பெண்ணிடம் பல்வலி என்று சொல்லிவிட்டேன். அங்கேயும் ஒரு பொய். டாக்டர் என்னை நாற்காலியில் சாயச் சொல்லி, விளக்கை இழுத்து, நிஜமாகவே பற்களைப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்றார். நான் எழுந்திரிக்கவில்லை. வண்டியைக் கொடுத்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

"சனிக்கிழமை லாரியில ஏத்துதாங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. முகமூடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "ஒண்ணு கேக்கட்டா? அந்த ஒம்பதாவது வளைவுல சிரிச்சியே. அது பொய்யா?"

"இல்ல."

"அப்போ அதை எழுதியிருக்கலாமே."

அந்த நாற்காலியில் படுத்துக்கொண்டிருந்தால் பதில் சொல்லாமல் இருப்பது சுலபம், எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு பேசாமல்தான் இருப்பார்கள். எழுந்து உட்கார்ந்து, இன்னொரு கட்டுரை எழுதுகிறேன், உண்மையை எழுதுகிறேன் என்றேன். இப்போது எழுதினால் தனக்காக எழுதியதுபோல் ஆகும் என்றார் டாக்டர். பந்தயத்துக்கு ஒத்துக்கொண்டவர் அவர், தோற்றவரும் அவர், இனி ஆட்டத்தை மாற்றினால் அண்ணன் வாழ்நாள் முழுவதும் சிரிப்பார். கை கழுவிக்கொண்டே, தன் அண்ணன் டீக்கடையில் அதைச் சொன்னபோதே இது இப்படித்தான் முடியும் என்று ஒரு சந்தேகம் வந்தது என்றார். "உன் மேல கோவப்படணும்னு நினைச்சேன். முழுசா வரல. அதுதான் எனக்கு வருத்தம்."

கட்டணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வெளியே பெயர் கேட்ட பெண், வலி போய்விட்டதா என்று கேட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் அப்பா வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தார். டாக்டரின் கார், அண்ணனின் கடைச் சரக்கு வைக்கும் கிட்டங்கியில்தான் எப்போதும் நிற்கும் என்பது எனக்குத் தெரியாது. கொச்சியிலிருந்து வந்த லாரியின் சாய்வுப் பலகை உயரமாக இருந்ததால் காரின் மூக்கு தட்டியிருக்கிறது. சாலைக் கடைத்தெருவில் எதை ஏற்றினாலும் இறக்கினாலும் அப்பாவின் கூட்டத்தைக் கூப்பிட வேண்டும், அது அங்கே நடைமுறை. பித்தளை அண்டா இறக்கும் நீளப் பலகைகளை அடுக்கடுக்காக வைத்துச் சாய்வைக் குறைத்து, ஆறு பேர் இரண்டு பக்கமும் கை கொடுத்து, ஒரு கீறல் இல்லாமல் ஏற்றி விட்டார்களாம். டாக்டர் வந்திருந்தார்களா என்று கேட்டேன். வந்து தூரத்தில் நின்றார்கள், பலகை போட்டதற்குத் தேங்க்ஸ் சொன்னார்கள் என்றார்.

கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, அப்பா அந்தக் காரைப் பற்றியே பேசினார். அவர் எந்தக் காரைப் பற்றியும் டிக்கியைத் தாண்டிப் பேசி நான் கேட்டதில்லை.

"முன்னாலயும் நின்னு தாங்கினேன், பின்னாலயும் நின்னு தாங்கினேன். ரெண்டு பக்கமும் ஒரே கனம். லாரிக்காரன்ட்ட கேட்டேன், எஞ்சின் நடுவுலயாம்லா." அப்பா எழுந்து நின்று, இல்லாத ஒரு மூட்டையை முதுகில் வைத்துக்கொண்டு காட்டினார். "மூட்ட நடு முதுகுல இருந்தா எந்தச் சந்துலயும் திரும்பிரலாம். பின்னால தொங்கிச்சின்னா ஆளையே சுத்திக் கொண்டு போயிரும். மொதலாளி வண்டிக்குப் பின்னால தொங்குதுன்னு சொன்னான் அவன். அப்போ இந்தச் சின்னதுதானே திரும்ப லேசு?"

நான் மூன்று வாரமாக, இல்லை, அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து, தேடிக்கொண்டிருந்த வரி அது. ஆங்கிலத்தில் கிடைக்காதது. இடுப்பில் அடித்த ஆணி என்றெல்லாம் நான் சுற்றிச் சுற்றிச் சொன்னதை, இரண்டு காரிலும் உட்காராதவர், தாங்கிப் பார்த்துச் சொல்லிவிட்டார்.

"ஆமாம்பா" என்றேன்.

"பின்னே ஏன் பெரிசு நல்லதுன்னு எழுதினே?"

குற்றம் சாட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் படித்தவர்களுக்கே உரிய ஏதோ காரணம் இருக்கும், அதைச் சொன்னால் தனக்கும் புரியலாம் என்று நினைத்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தப்பாக எழுதிவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். அவருக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

"அவ்வளவுதானே. திங்கக்கிழமை மொதலாளிட்ட நான் சொல்லிருதேன், பிள்ள தப்பா எழுதிட்டு, சின்னதுதான் நல்ல வண்டின்னு."

"வேண்டாம்பா" என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். அப்பா சரி என்றார், சோறு கேட்டார்.

அவர் போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். லோடுகாரருக்கும் அப்படித்தான் தெரியும் என்று அந்தக் கடையில் சிரிப்பார்கள். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அதை என்னால் தாங்க முடியாது. ஆனால் நான் பயந்தது அப்பாவுக்காகவா, எனக்காகவா என்று இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அதனால்தான் இதைத் தமிழில் எழுதத் தொடங்கினேன். அந்த இணையதளத்தில் திருத்தம் வராது, கார் திரும்பி வராது, இதையாவது உள்ளபடி எழுதிவைக்கலாம் என்று. சின்னதுதான் நல்ல வண்டி. பொன்முடி வளைவுகளில், ஈரச் சாலையில், என் கைக்குத் தெரிந்தது அதுதான். பழக்கம் இல்லாததனால் அல்ல.

தமிழ் என்பதால் அப்பாவுக்குப் படித்துக் காட்டலாம் என்று தோன்றியது. என் எழுத்தை இதுவரை அவருக்கு மற்றவர்கள்தான் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். நேற்று ஞாயிறு, அவருக்கு வேலை இல்லை. பக்கத்தில் உட்காரவைத்துப் படித்தேன். சாக்குக் கணக்கு தன்னுடையது என்று எழுதியிருந்ததைக் கேட்டு, இதெல்லாம் எதுக்கு எழுதினே என்று கூச்சப்பட்டார். தேங்காய் சிதறியதற்குச் சிரித்தார். ஒன்பதாவது வளைவில் அந்தக் கார் நழுவித் தானே சரியானபோது, "நான் சொன்னேன்லா" என்றார். டீக்கடைக்கு வந்தேன். டீ வந்தது, பழம்பொரி வந்தது, டாக்டர் எது பிடித்தது என்று கேட்டார். அங்கே நிறுத்திவிட்டேன்.

"பின்னே?" என்றார் அப்பா.

மீதி இன்னும் எழுதவில்லை என்று சொல்லிவிட்டேன்.